திறவுகோல் இல்லாமல் போய் வா

மகனே, இன்று ஒலிவாங்கி இல்லாமல் உன்னோடு பேசுகிறேன். முன்வரிசை இல்லை, மாலை இல்லை, "அடுத்து அம்மா அவர்கள் முழங்குவார்கள்" என்று அறிவிக்கும் குரலும் இல்லை. ஞாயிறுதோறும் நீயும் உன் தோழர்களும் சுற்றி அமர்ந்து மாயர் நகரங்களைப் பற்றி வாதாடிய அதே மேசையில் தனியே அமர்ந்து எழுதுகிறேன். கதவோரம் உன் சப்பாத்துகள் கிடக்கின்றன. அந்தானை மலையில் உச்சி வெயிலில் ஏறி இறங்கிப் பழகியபோது ஒட்டிய மண் அவற்றில் காய்ந்து வெடித்திருக்கிறது. கண்டிக் குளிரில் வளர்ந்த கால்கள் மாயர் நகரமான திக்காலின் வெப்பக் காட்டில் சோர்ந்துவிடக் கூடாது என்று நீங்கள் அப்படிப் பழகினீர்கள். அந்தக் கால்களை வீட்டைவிட்டு வெளியேற வைத்தவள் நான். நான் பேசியதைப் பலர் கேட்டார்கள். ஆகவே அதன் திருத்தத்தையும் பலர் படிக்க வேண்டும். அதனால்தான் இந்த மடலை உறையிலிட்டு ஒட்டாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பிழையும் அங்கேதான் தொடங்கியது. குவாத்தமாலா நாட்டுக் காட்டுக்குள் நிற்கும் மாயர் நகரங்களுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விப் பயணம் போவது என்று முடிவானதும், குழுத்தலைவனாக உன்னைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் செய்தியை நீ சொன்ன நாளில் நான் எத்தனை வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. பிறகு நம் முன்னறை உங்கள் பாசறையானது. ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டீர்கள். நுவன் நீர்த்தேக்கங்களை எடுத்தான். ரிஸ்னா நாள்காட்டியை எடுத்தாள். நீ கல்லையும் படிக்கட்டையும் எடுத்தாய்: இரும்பு உளி இல்லாத மக்கள் சுண்ணாம்புக் கல்லை எப்படி வெட்டினார்கள், எப்படி அடுக்கினார்கள் என்று. ஒருவர் எழுந்து விளக்க, மற்றவர்கள் கேட்பீர்கள். உங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யார் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும், கேட்பவர் கையை உயர்த்தி "யார் சொன்னது?" என்று கேட்கலாம். விடை தெரியாவிட்டால் சொன்னவர் அமர்ந்துவிட வேண்டும்.

வடைத் தட்டோடு நான் உள்ளே வந்த ஒரு மாலை நினைவிருக்கிறதா? நீ திக்காலின் பெரிய கோயிலைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாய். நான் தட்டை வைத்துவிட்டு, "இதெல்லாம் நம்ம ஆளுங்க கப்பல் ஏறிப் போய்க் கட்டினது, தெரியுமா?" என்றேன். நுவன் கையை உயர்த்தினான். "யார் சொன்னது, அம்மே?" என்றான் சிங்களம் கலந்த தன் மழலைத் தமிழில். "நான்தான் சொல்றேன், சாப்பிடு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். ரிஸ்னா, "ஆன்ட்டி ஒக்காரணும், சட்டம் சட்டந்தான்" என்றாள். நானும் சிரித்தபடி சமையலறைக்குப் போனேன். ஆனால் அமரவில்லை, மகனே. அந்தச் சட்டம் என்னைக் கட்டாது என்று நினைத்தேன்.

உன் தோழர்களுள் ஒருத்தியாகத் திரையில் வருவாள் இஷ்செல். திக்காலுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு சிற்றூரில் வாழும் மாயர் குலப் பெண். உங்களைப் போன்ற மாணவி. இங்கே நமக்கு அந்தி சாயும்போது அங்கே பொழுது புலரும்; அவள் பேசும்போது பின்னால் சேவல் கூவும். அவளுடைய தந்தை அந்தக் கோயில்களின் சிதைந்த படிகளைச் செப்பனிடும் கொத்தனார். நீங்கள் தங்கப்போவது அவளுடைய ஊர் மக்களின் வீடுகளில். இவ்வளவும் எனக்குத் தெரியும். அவள் சிரித்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மாயர்கள் மறைந்துபோன மக்கள் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு எனக்கு இல்லை. அவர்களுள் ஒருத்தி ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள்.

வழியனுப்பு விழாவை ஏற்பாடு செய்தவர் தங்கவேல் தம்பி. கண்டியில் தமிழ்க் கூட்டம் எதுவானாலும் நாற்காலி போடுவதிலிருந்து பொன்னாடை போர்த்துவது வரை அவர்தான். அன்று மாலை நாம் இருவரும் குட்செட் பேருந்து நிலையத்தில் இறங்கி மண்டபத்துக்கு நடந்தோம். நீ கூட்ட நெரிசலில் என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாய்.

"அம்மா, ஒன்னே ஒன்னு. அந்த மாயன் கதைய மட்டும் மேடையில சொல்லாதீங்க."

"சரிப்பா, சொல்லல."

"சத்தியமா?"

"அம்மாகிட்டயே சத்தியம் கேக்குறியா? சொல்லலன்னா சொல்லல. வா, நேரமாகுது."

மேடைப் பேச்சாளருக்குக் கைதட்டு எந்த இடத்தில் விழும் என்பது முன்கூட்டியே தெரியும். அன்று அது விழவில்லை. மண்டபத்தில் புழுக்கம். எனக்கு முன் பேசியவர்கள் நீட்டிவிட்டார்கள். பின்வரிசையில் தேநீருக்காக எழத் தொடங்கியிருந்தார்கள். நான் கல்வியின் பெருமையைச் சொன்னேன், பெற்றோர் பட்ட பாட்டைச் சொன்னேன். இரண்டு பேர் தட்டினார்கள். அந்த நொடியில் என் கை தானாக உயர்ந்தது. எந்த மேடையிலும் என்னைக் கைவிடாத வரி நாவின் நுனிக்கு வந்தது. "என் மகன் அங்கே விருந்தாளியாகப் போகவில்லை! திக்காலின் கோபுரங்களை எழுப்பிய கை தமிழனின் கை! மூதாதையர் வீட்டுக்குத் திறவுகோலோடு போகிறான் என் மகன்!" மண்டபம் எழுந்தது. வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான் இன்னும் உயரத்துக்குப் போனேன். எவ்வளவு நேரம் என்று அறியேன். உனக்கென்று ஒதுக்கியிருந்த நேரத்தையும் நானே பேசித் தீர்த்தேன். நீ மடித்து வைத்திருந்த நன்றியுரை உன் சட்டைப் பையிலேயே இருந்தது. கழுத்தில் மாலையோடு நீ தலை குனிந்திருந்தாய். அதை நான் அடக்கம் என்று எண்ணினேன்.

முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினோம். உன் அப்பா கதவைத் திறந்ததும் உன் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்னா, சொல்லிப்புட்டியா?" என்றார். "நீ மைக்கப் புடிச்சா பெத்த புள்ளையும் கூட்டத்துல ஒரு ஆளுதான் ஒனக்கு." எனக்குச் சினம் வந்தது. உண்மை என்பதால் வந்த சினம் அது என்பதை அப்போது அறியவில்லை.

தங்கவேல் தம்பி அந்தப் பேச்சைக் காணொளியாக உங்கள் பயணத்தின் பெயரோடு இணையத்தில் ஏற்றினார். அது பரவியது. எந்திரம் மொழிபெயர்த்த வரிகளோடு இஷ்செல்லின் கண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் வைதாளா? இல்லை. அவளுடைய ஊரார் கூடிப் பேசி, அவள் வழியாக உனக்கு ஒரு கேள்வியை அனுப்பினார்கள்: "விருந்தாளிகளுக்காக எங்கள் வீடுகளில் இடம் ஒழித்து வைத்திருக்கிறோம். திறவுகோலோடு வருகிறவர் வீட்டுக்காரர் ஆயிற்றே. நீங்கள் யாராக வருகிறீர்கள்?" நீ அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்து எனக்குத் தமிழில் சொன்னாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், துருவுவதை நிறுத்தவில்லை.

"எந்திரம் தப்பா மாத்திருக்கும்பா" என்றேன்.

"எந்திரம் சரியாத்தான் மாத்திருக்கு. நீங்கதாம்மா தப்பாச் சொன்னீங்க."

"நான் தமிழுக்காகப் பேசினேன்."

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "தெல்தோட்டைக் கல்லப் பத்தி ஊர் ஊராப் பேசினீங்களே அம்மா. மலைய வெட்டுனது நாம, பேரு மட்டும் தொரைக்கான்னு. இப்ப அவங்க கட்டினதுக்கு நீங்க நம்ம பேர எழுதிட்டு வந்திருக்கீங்க. தொரைக்கும் உங்களுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

இந்த மடலைப் படிப்போருக்கு அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்த தெல்தோட்டைத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. காடாகக் கிடந்த இந்த மலையைத் தோட்டமாக ஆக்கியவர் இன்ன வெள்ளைக்காரத் துரை என்று அதில் பொறித்திருக்கிறது. என் தந்தை அந்த மலையில் நீர் வழிந்தோடக் கான் வெட்டியவர். என் தாய் அங்கே கொழுந்து பறித்தவர். அவர்களுக்கு முன் வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், பாதை வெட்டினார்கள், அட்டைக்கும் காய்ச்சலுக்கும் இரையானார்கள். கல்லில் ஒருவர் பெயரும் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில், பாவாடை தாவணிச் சிறுமியாக, அந்தக் கல்லைக் கைநீட்டிக் காட்டி நான் பேசியதுதான் என் முதற்பேச்சு. என் நாவில் தீயை வைத்தது அந்தக் கல். அந்தத் தீயால்தான் இத்தனை ஆண்டும் மேடையேறினேன். அதே நாவால், கடலுக்கு அப்பால் இன்னொரு மக்களின் சுவரில், அவர்கள் பிள்ளைகள் பார்த்திருக்கவே, அதே கல்லைப் பதித்துவிட்டு வந்தேன்.

அன்று சமையலறையில் இதை ஒப்புக்கொண்டேனா? இல்லை. "ஒனக்கு இனப்பற்று செத்துப்போச்சு" என்றேன். அதோடு நிற்காமல், "நீ என் புள்ளைதானா?" என்றும் கேட்டேன். மகனே, மேடையில் ஆயிரம் சொல் பேசி ஒன்று தவறினால் கூட்டம் மறந்துவிடும். வீட்டில் சொல்லும் ஒரு சொல்லுக்கு அந்த மறதி இல்லை. நீ பையை எடுத்துக்கொண்டு பேராதனையில் நுவன் தங்கியிருக்கும் அறைக்குப் போனாய். சப்பாத்துகளைக்கூட எடுக்கவில்லை. எதற்காக எடுக்கவில்லை என்பதை ரிஸ்னா வந்து சொன்ன பிறகுதான் அறிந்தேன்.

"ஆன்ட்டி, அவன் பேர வெட்டச் செல்லிட்டான்" என்றாள், 'சொல்'லைச் 'செல்' ஆக்கும் தன் ஊர்ப் பேச்சில், கதவிலேயே நின்று. "தலைவர் வாணாம், நானும் வரல்ல, மத்த ஆக்கள் போங்க, அந்த ஊருக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதிட்டேன்னு செல்றான். எங்கட லெக்சரர் மேடம் எவ்வளவோ செல்லிப் பாத்தாங்க. பயணம் நெருங்கிட்டு. வேற ஆளப் போட வேண்டி வந்தா அவன் எடம் போயிரும்."

நீ உன் பெயரை எடுத்தது அவர்களுக்காக. என் வாயால் உன் தோழர்களுக்கு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்று நீயே விலகினாய். நான் செய்ததற்கு நீ தண்டனை ஏற்றுக்கொண்டாய். இது முதல் முறையுமில்லை. நீ பள்ளியில் படித்தபோது பேச்சுப் போட்டிக்கு உன்னைத் தயார் செய்தேன். நீ எழுதி வைத்திருந்தது குளத்து மீன்களைப் பற்றி. மெல்லிய, அழகான பேச்சு. நான் அதைக் கிழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என் இடியையும் மின்னலையும் உன்னை மனப்பாடம் செய்ய வைத்தேன். மேடையில் நீ ஒரு வரியை மறந்தபோது, கீழேயிருந்து நான் உரக்க எடுத்துக் கொடுத்தேன். பரிசு கிடைத்தது. அந்தக் கிண்ணத்தை நீ அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாய். வெட்கப்படுகிறாய் என்று உறவினர்களிடம் சொன்னேன். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்: பரிசு வாங்கியது நீ, பேசியது நான்.

ஆகவே அடுத்த ஞாயிறு, நீ இல்லாத உங்கள் கூட்டத்தில், ரிஸ்னாவிடம் கேட்டு நான் திரைக்கு முன் அமர்ந்தேன். அன்றும் சேவல் கூவியது. இஷ்செல்லின் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் தமிழில் பேச, ரிஸ்னா ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படி நான் ஒருபோதும் பேசியதில்லை, மகனே. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். அது வேறு வாயில் போய், வேறு காதில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். நான் "வரலாற்றின் பெருவெளியிலே" என்று தொடங்கினேன். ரிஸ்னா என் கையைத் தொட்டு, "ஆன்ட்டி, அத நான் செல்லப்போறல்ல. என்ன செஞ்சீங்கன்னு மட்டும் செல்லுங்க" என்றாள். அடைமொழிகளெல்லாம் உதிர்ந்தன. எஞ்சியது இவ்வளவுதான்: "உங்கள் மக்கள் கட்டியதை எங்கள் மக்கள் கட்டினார்கள் என்று சொன்னேன். அது பொய். கைதட்டுக்காகச் சொன்னேன். என் மகன் என்னைத் தடுத்தான். நான் கேட்கவில்லை."

அவள் கேட்டாள்: "அதை எங்கே சொன்னீர்கள்?"

"ஒரு மண்டபத்தில், மக்கள் முன்னால்."

"இதை எங்கே சொல்கிறீர்கள்?"

விடை தெரியாதவர் அமர வேண்டும் என்ற உங்கள் சட்டப்படி நான் அமர வேண்டியவள். ஏற்கெனவே அமர்ந்திருந்ததால் தலையைக் குனிந்தேன்.

அதே மண்டபத்தில் அடுத்த கூட்டம் நேற்று நடந்தது. என் பேச்சைத் திருத்தப்போகிறேன் என்று தங்கவேல் தம்பியிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவர் மேடைக்குப் பின்னால் என்னை மறித்தார். "அக்கா, வேணாங்கக்கா. சனங்க அத நம்பிக்கிட்டு சந்தோசமா இருக்காங்க. வந்தமா, நாலு வார்த்த பேசினமா, போனமான்னு இருங்க. அந்த நாட்டுல இருக்கவங்க இங்க வந்தா கேக்கப் போறாங்க?"

"கேட்டுட்டாங்க தம்பி" என்றேன்.

கையை உயர்த்தாமல் பேசினேன். திக்காலையும் அதன் உடன்பிறந்த நகரங்களையும் கட்டியவர்கள் மாயர்கள் என்றும், அவர்கள் அழிந்துவிடவில்லை, அவர்களின் பிள்ளைகள் இன்றும் அந்த மண்ணில் வாழ்ந்து தங்கள் முன்னோரின் படிகளைத் தாங்களே செப்பனிடுகிறார்கள் என்றும் சொன்னேன். இதே இடத்தில் நின்று அவர்களின் உழைப்பை நமதென்று சொன்னேன், அது பொய் என்றேன். ஒரு கையும் தட்டவில்லை. நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். எத்தனையோ கூட்டங்களில் எனக்காகக் கைதட்டிய முகம். "அப்ப நம்மளுக்குன்னு என்னம்மா இருக்கு?" என்றார். அவர் குரலில் பகை இல்லை. அதனால்தான் அது என்னைச் சுட்டது. இத்தனை காலம் இந்த மனிதருக்கு நான் வெறும் ஆரவாரத்தை ஊட்டியிருக்கிறேன். "நாம வெட்டின மலை இருக்குங்க ஐயா" என்றேன். "அதுக்கே நம்ம பேர இன்னும் எழுதல. மொதல்ல அத எழுதுவோம்." அவர் அமர்ந்தார். உடன்பட்டாரா, சலித்துப்போனாரா, அறியேன். பொன்னாடை போர்த்தும் வேளையில் தங்கவேல் தம்பி அதை மடித்தபடியே என் கையில் கொடுத்து, "அடுத்த கூட்டத்துக்கு வேற ஆளப் பாத்திருக்கோங்கக்கா" என்றார். நேற்றைய பேச்சையும் காணொளியாக ஏற்றச் சொல்லிக் கேட்டேன். பழையதை ஏற்றிய அதே இடத்தில். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். நல்ல மனிதர்.

இதையெல்லாம் உன் மன்னிப்பை வாங்குவதற்காகச் செய்தேன் என்று நீ எண்ணினால், அந்த எண்ணத்திலும் பாதி உண்மை இருக்கும். "நீ என் பிள்ளைதானா" என்று கேட்டவளுக்கு விடை சொல்ல வேண்டியவன் நீ அல்லன். அந்தக் கேள்வியை என்னிடமே திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: நான் உனக்குத் தாயாக இருந்தேனா, உன்னையும் ஒரு கூட்டமாக நினைத்தேனா?

இன்று காலை ரிஸ்னா வந்தாள். நான் இந்த மடலின் பாதியில் இருந்தேன். அவள் வீட்டுக்குள் வராமல் கதவோரம் குனிந்து உன் சப்பாத்துகளைக் கையில் எடுத்தாள். நான் எழுந்து போனேன்.

"அவன் கேட்டான், ஆன்ட்டி" என்றாள். "இஷ்செல் ஒங்கட புது வீடியோவப் பாத்துட்டு ராவு மெசேஜ் போட்டீந்தா. வீட்டுல எடம் இன்னும் ஈக்காம்."

"வேற ஏதாச்சும் சொன்னானாம்மா?"

"சப்பாத்த மட்டுந்தான் கேட்டான்." சற்று நின்று, "நீங்க ஏதும் செல்லணுமா?" என்றாள்.

சொல்வதற்கு என்னிடம் மூன்று மணி நேரப் பேச்சு இருந்தது. ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். மண்ணைத் தட்டிக் கொடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம், அங்கே போயும் மண்தானே என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆகவே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி முடிக்கிறேன். நீ வீட்டுக்கு வந்து விடைபெற்றுப் போக வேண்டும் என்று கேட்கமாட்டேன். வந்தால் கதவு திறந்திருக்கும். அங்கே முதற்படியில் கால் வைக்குமுன் இது யார் கட்டியது என்று அவர்களைக் கேள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறவாதே. அதை நீ என்னிடம் கற்றிருக்க முடியாது. ஆனால் உனக்கு அது வரும், உன் மீன்களைப் பற்றி எழுதிய நாளிலேயே உனக்கு வந்திருந்தது. உன்னோடு நான் எந்தத் திறவுகோலையும் அனுப்பவில்லை, மகனே. அவர்கள் வாசலில் நின்று கதவைத் தட்டு. திறக்கும்வரை நில். திறந்தால், விருந்தாளியாக உள்ளே போ.